நீர் மட்டும்

புயல் போய்ப் பதினெட்டாம் நாள்
பெத்தித் ஈல் சரிவில்
கிச்சிலி மரங்கள் அடித்தண்டில் பிசின் வடித்தன.
தோண்டி வேரை இழுத்தால்
தோல் கழன்று விரலோடு வந்தது.
உள்ளே நூல் மாதிரி ஒரு வெள்ளை, அவ்வளவுதான் மிச்சம்.

ஒன்று மட்டும்
எதுவும் நடக்காததுபோல் நின்றது,
தண்ணீர்த் தொட்டி ஒழுகும் மூலையில்.
ஈரம் அங்கேதான் அதிகம்.
முதலில் சாக வேண்டியது அது.

அதன் வேரோரம் ஒரு கரண்டி மண் எடுத்தேன்.
காஸ்தோன் கருப்பாயி குடை பிடித்தார், மண்ணுக்கு.
(கருப்பாயி அவருடைய குடும்பப் பெயர்.
எந்தக் கப்பலில் இறங்கியவள்,
எந்தக் குமாஸ்தா அவளை
ஒரு வம்சத்தின் தலையில் எழுதினான்,
அவருக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை.)
"காய்ச்சல் மரத்துக்கு, மருந்து மண்ணுக்கா?"
என்றார் கிரியோலில்.

சேன் பியேரில், ஆய்வுக்கூடத்தில்,
கரண்டி மண்ணை நீரில் கலக்கி
அதில் பத்தில் ஒன்று,
அதிலும் பத்தில் ஒன்று,
ஆறு தடவை கரைத்துத் தட்டில் தேய்த்தேன்.
இரண்டு இரவில் முளைத்து வந்தார்கள்:
மோர் சிந்தினாற்போல் சிலர்,
பொரித்த அப்பளம்போல் சுருங்கிச் சிலர்,
புறஊதா விளக்கைக் காட்டினால்
பச்சையாய்ச் சிரிக்கும் ஒரு கும்பல்.

அழுகல் பூசணத்தை நடுவில் வைத்து
சுற்றிலும் இவர்களைக் குடியேற்றினேன்.
ஆறாம் நாள் பார்த்தால்
எல்லாப் பக்கமும் பரவிய பூசணம்
பதினேழாம் எண்ணின் வாசலில் மட்டும்
நின்றுபோயிருந்தது.
இடையே யாரும் மிதிக்காத ஒரு பிறை.
வேலைக்கு வந்த ஒன்பது வருஷத்தில்
இவ்வளவு அழகான வெற்றிடம் பார்த்ததில்லை.

ஆலைக் கழிவுப்பாகு ஊற்றிப் பதினேழை வளர்த்தேன்.
சரிவில் இருபது வரிசை, வரிசைக்கு ஆறு மரம்.
பத்து வரிசைக்குப் பதினேழு கலந்த நீர்.
பத்து வரிசைக்கு நீர் மட்டும்.
அந்தப் பத்தும் இல்லாவிட்டால்
பிழைத்தது மருந்தாலா, வெயிலாலா, சும்மாவா
என்று எவராலும் சொல்ல முடியாது.
காஸ்தோனுக்கு மூன்று முறை விளக்கினேன்.
மூன்று முறையும் தலையாட்டினார்.

ஜூலைக் குளிரில் போய் அளந்தேன்.
மருந்து வரிசையில் புது வேர்நுனி,
அரிசி முனைபோல் வெளுப்பாய்.
நீர் வரிசையிலும்.
கணக்குப் போட்டேன்: வித்தியாசம் இல்லை.
மறுபடி போட்டேன்: இல்லை.
அன்றிரவு கணினியை மூடிவிட்டு
நீர் வரிசை மண்ணைத் தட்டில் தேய்த்தேன்.
இரண்டாம் நாள் காலை
தட்டு நிறைய அப்பளம்.
இருபது அடி தாண்டி
தானாய் நடந்து வந்திருக்காது.

நான் எதுவும் கேட்கவில்லை.
கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்.
நான் கழுவாமல் விட்டுப்போன கேன்,
அதன் அடிவண்டல்,
நீல டிரம், இரண்டு மூட்டைப் பழுப்புச் சர்க்கரை,
மேலே கட்டிய பழைய கொசுவலை.
திறந்ததும் புளித்த மாவின் வாசம்.
"அந்த அறுபது மரம் என்ன குற்றம் செய்தது?
நீ போனதும் ராத்திரியில் ஊற்றினேன்.
பகலில் ஊற்றினால்
நீ வந்துவிடுவாயோ என்று பயம்."

அறிக்கையில் முடிவு என்ற கட்டத்தில்
'கூற இயலாது' என்று அடித்தேன்.
மேலதிகாரி தொலைபேசியில்
நீளமாக ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

டிரம்மின் நுரையில் கொஞ்சம்
குப்பியில் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன்.
ஆறு மாதம் கொட்டகையில் கிடந்த கூட்டம்;
யார் செத்தார், யார் புதிதாய்ச் சேர்ந்தார்,
இன்னும் பார்க்கவில்லை.
குளிர்பெட்டியில் வைக்கப் பெயர் ஒட்ட வேண்டும்.
பதினெட்டு என்று எழுதினேன்.
அடித்தேன்.
கருப்பாயி என்று எழுதி
பதிவேட்டில் தேதி போட்டேன்,
எந்த மரத்தடியிலிருந்து என்ற இடத்தை
இப்போதைக்குக் காலியாக விட்டு.